சவிரி அண்ணையின் நெஞ்சும் கல்யாணக் கமராவும்

போன மாதம் பழைய கிளினிக் பக்கம் போயிருந்தேன். ஓய்வுபெற்றவன் வேலைத்தலத்துக்குப் போனால் ஒரு கதிரை தருவார்கள், ஒரு பிளேன்ரீ தருவார்கள், பிறகு எப்போது எழும்பிப் போவான் என்று பார்ப்பார்கள். அன்றைக்கு அப்படி நடக்கவில்லை. ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் இளம்பிள்ளை ஒருத்தி தன் கைத்தொலைபேசியை நுண்நோக்கியின் கண்ணில் வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். நான் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் கொழும்பிலிருந்து பதில் வந்துவிட்டது. "உங்கடை காலத்திலை இதெல்லாம் இல்லைத்தானே ஐயா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் ஒரு இரக்கம் இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"இருந்தது பிள்ளை. கழுதையும் சேர்ந்து இருந்தது" என்றேன். அவள் விளங்காமல் சிரித்தாள். விளங்கட்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மன்னாரில் நெஞ்சுநோய்க் கிளினிக்கில் சளி பார்ப்பது என் வேலை. அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது, ஊரில் ஒருவரும் அதைச் சொன்னதில்லை. சளி மாஸ்ரர் என்றால்தான் தெரியும். எனக்குப் பெண் பார்க்கப் போன முதல் வீட்டில் தரகரும் அப்படித்தான் அறிமுகம் செய்துவைத்தார். அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொழும்பில் படித்தேன், மூன்று வேளையும் பேக்கரிப் பாண் சாப்பிட்டேன், ஊருக்கு வந்தேன். அங்கே கற்றதில் கடைசிவரை நின்றது ஒன்றுதான்: எச்சில் வேறு, சளி வேறு. போத்தலைக் கையில் கொடுத்தால் எல்லாரும் எச்சிலைத்தான் துப்புவார்கள். எனக்கு வேண்டியது நெஞ்சின் அடியிலிருந்து வர வேண்டும். அதற்காக நானே கிளினிக் முற்றத்தில் நின்று இருமிக் காட்டுவேன். மூச்சை இழுத்து, பிடித்து, வயிற்றை எக்கி ஒரு இருமல். தெருவால் போகிறவர்கள் "பாவம், மாஸ்ரருக்கும் தொத்திப்போட்டுது" என்று பேசிக்கொண்டு போவது காதில் விழும்.

வந்த சளியில் தடித்த பகுதியைக் குச்சியால் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்க்க வேண்டும். காயவிட்டுச் சூடுகாட்டிச் சிவப்புச் சாயம் ஊற்ற வேண்டும். பிறகு அமிலமும் ஸ்பிரிட்டும் கலந்து கழுவி, நீலச் சாயம் ஊற்ற வேண்டும். கசம் என்கிற காசநோயின் கிருமி இருந்தால் நீலத்துக்குள்ளே சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகள் தெரியும். மற்றதெல்லாம் நீலம். நான் சிவப்பைத் தேடிச் சம்பளம் வாங்கியவன், நீலத்தை ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

யுத்தத்தின் கடைசிக் காலம் வந்தது. எங்களுக்குப் பிடிபடாத தகடுகளைக் கொழும்பில் ஒரு நிபுணருக்கு அனுப்புவது வழக்கம். பாதை ஒரு நாள் திறக்கும், மறுநாள் பூட்டும். திறந்த நாளிலும் சோதனைச் சாவடிக்குச் சாவடி பெட்டியை இறக்கித் தட்டிப் பார்த்து ஏற்றுவார்கள். கொழும்புக்குப் போய்ச் சேருவது கண்ணாடித் தூள்தான். 'இன்னொரு தரம் சளி தாருங்கோ' என்று நோயாளியிடம் போய் நின்றால், முதலில் தந்ததை இவன் என்ன செய்தான் என்பதுபோல என்னைப் பார்ப்பார்கள்.

அந்த நிபுணர் டொக்டர் பவானி. நான் அவரை நேரில் கண்டதே இல்லை, தொலைபேசிக் குரல் மட்டும் தெரியும். வணக்கம் சொல்லி நேரத்தை வீணாக்காத குரல்.

"மிஸ்டர் ஞானம், இனிக் கண்ணாடி அனுப்ப வேண்டாம். தூளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்கிறது? டிஜிட்டல் கமராவில் படம் எடுத்து ஈமெயிலில் அனுப்புங்கள்."

"கிளினிக்கிலை கமரா இல்லை டொக்டர்."

"உங்கள் ஊரில் கல்யாணம் நடக்கிறதில்லையா?"

நடந்துகொண்டுதான் இருந்தது. செல் குண்டு விழுகிற காலத்திலும் கல்யாணம் நிற்கவில்லை. படக்கடை வைத்திருந்த என் சிநேகிதன் குரூஸ் அப்போதுதான் ஒரு டிஜிட்டல் கமரா வாங்கியிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் கமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"சளியை எடுக்கவோ மச்சான்? நாளைக்கு இதாலைதான் பொம்பிளை மாப்பிளையை எடுக்கப்போறன்."

"கமரா சளியைத் தொடாதுடா. பார்க்கத்தான் போகுது."

"பார்த்தாலும் அருவருப்புத்தானே."

கடைசியில் ஒப்புக்கொண்டான். கல்யாணம் இல்லாத நாட்களில் கமரா எனக்கு. திருப்பிக் கொடுக்கும்போது ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் கொடுக்க வேண்டும். இந்தக் கதை எந்தப் பெண்வீட்டார் காதுக்கும் போகக் கூடாது.

முதல் படத்தை வலு சந்தோசத்தோடு எடுத்தேன். பிளாஷ் அடித்து, கிருமி இருந்த இடத்தில் பூரணச் சந்திரன் விழுந்திருந்தது. பிளாஷை நிற்பாட்டி எடுத்ததை அனுப்பினேன். டொக்டர் பவானியிடமிருந்து ஆங்கிலத்தில் ஒற்றை வரி வந்தது. தமிழில் சொன்னால் இப்படி: "படம் மங்கல். திரும்ப எடுக்கவும்."

அந்த வரியைப் பிறகு எத்தனை தரம் படித்தேனோ எனக்கே தெரியாது. கை நடுங்கினால் மங்கல். நான் மூச்சுவிட்டால் மங்கல். தெருவில் ட்ரக் போனால் மங்கல். ஈற்றில் ஒரு பி.வி.சி. குழாயில் துண்டு அறுத்து, சைக்கிள் ரியூப் ரப்பரை உள்ளே சுற்றி, நுண்நோக்கியின் கண்ணில் செருகி, அதன்மேல் கமராவை உட்கார வைத்தேன். விரலால் அமத்தினாலும் அசையும் என்பதால், கமராவே தானாக எடுக்கும்படி நேரம் வைத்துவிட்டு எட்டி நின்றேன். கல்யாண வீட்டில் குரூஸ் தன்னையும் சேர்த்துப் படம் எடுக்கப் பாவித்த வசதி அது.

அப்போதுதான் கழுதை வந்தது. கரண்ட் இல்லாத நாட்களில் நுண்நோக்கிக்கு விளக்கு இல்லை. அடியில் ஒரு கண்ணாடி இருக்கும், அதை யன்னல் பக்கம் திருப்பி வெளிச்சம் பிடிப்போம். யன்னலுக்கு வெளியே என்ன நிற்கிறதோ அதன் நிழலும் சிலவேளை படத்துக்குள் வந்துவிடும். எங்கள் ஊர்க் கழுதைகளுக்கோ கிளினிக் யன்னலடி நிழல் உகந்த இடம். ஒரு நாள் டொக்டர் பவானி கொழும்பிலிருந்து போன் பண்ணினார்.

"இடது மூலையில் நீளமாக, கூராக ஒன்று இருக்கிறதே. பூஞ்சணமா?"

படத்தைப் பார்த்தேன். "கழுதைக் காது, டொக்டர்."

 "கழுதையை அகற்றிவிட்டுத் திரும்ப எடுக்கவும்" என்றார். அவர் சிரித்தாரா என்று இன்றுவரை தெரியாது.

படத்தை அனுப்புவதற்கு பஸ் நிலையத்தடியில் இருந்த தொலைத்தொடர்புக் கடைக்குப் போக வேண்டும். இடையில் ஒரு சாவடி. ஒரு நாள் அங்கே நின்ற ஆமிப் பொடியன் கமராவை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தான். நல்ல நீலம், அதில் சிவப்பாகச் சின்னச் சின்னக் கோடுகள். பொடியனின் முகம் மாறிவிட்டது. கடலும் வள்ளங்களும் என்று நினைத்துவிட்டான். ஆகாயத்திலிருந்து எடுத்தது யார், எந்தக் கரை, எத்தனை வள்ளம் என்று விசாரணை துவங்கியது. அவனுக்குப் பெரியவர் ஒருவரும் வந்து குனிந்து பார்த்தார்.  என் ஓட்டைச் சிங்களத்தில், "இது கடல் இல்லை மாத்தயா, கசக்காரருடைய சளி" என்றேன். கமரா என் கைக்கு வந்த வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அதற்குப் பிறகு அந்தச் சாவடியில் என்னைத் தூரத்தில் கண்டாலே போ, போ என்று கையைக் காட்டிவிடுவார்கள்.

சவிரி அண்ணை வந்தது இந்தக் காலத்தில்தான். ஆள் கரையோரத்து மனிதர், முந்திச் சங்கு குளித்தவர். அவர் முங்கினால் வள்ளத்தில் இருப்பவர்கள் செபமாலையில் பாதி சொல்லி முடிப்பார்கள் என்று கரையில் பேச்சு. அதில் பாதியை நம்பலாம். யுத்தம் கடலைப் பூட்டியது. சங்கு கிடக்கிற இடமெல்லாம் போகக் கூடாத இடமாயிற்று. வேலையில்லாமல் இருந்தவரை மீனவர் சங்கத்தார் தங்கள் வள்ளங்களுக்கான மண்ணெண்ணெய்க் கொட்டிலுக்குப் பொறுப்பாகப் போட்டார்கள்.

இருமலும் விட்டுவிட்டுக் காய்ச்சலும் என்று வந்தார். எக்ஸ்ரேயில் வலது பக்கம் அடியில் ஒரு நிழல். முற்றத்தில் நின்று இருமிக் காட்டினேன். "தம்பி, எனக்கே மூச்சுப் படிப்பிக்கிறியளோ?" என்று சிரித்தார். நல்ல சளி தந்தார். பார்த்தேன். சிவப்பு இல்லை. திரும்பவும் வாங்கிப் பார்த்தேன், இல்லை. மூன்றாம் தரமும் இல்லை.

எங்கள் கிளினிக் டொக்டர் இளம் ஆள், நோயாளியின் தோளில் கைபோட்டுக் கதைக்கிற நல்ல மனிசன். "சளியிலை இல்லையெண்டாலும் எக்ஸ்ரேயிலை நிழல் இருக்கு. வேறை காரணம் ஒண்டும் தெரியாட்டி அடுத்த கிளினிக்கிலை கச மருந்தைத் துவங்குவம்" என்றார். அந்த நிலையில் யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

சவிரி அண்ணை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மருந்தைக் குடிப்பன் தம்பி. நஞ்சைத் தந்தாலும் குடிப்பன். எனக்குத் தெரிய வேண்டியது வேறை. பேரனைத் தூக்கலாமோ?"

மகளுக்கு அப்போதுதான் முதல் பிள்ளை பிறந்திருந்தது. கசம் என்ற சொல் கிளினிக்கிலிருந்து வீட்டுக்குப் போனதும் அவருடைய மனைவி திரேசக்கா அவருக்கு வலைக் கொட்டிலில் பாய் போட்டுவிட்டார். கோப்பை தனி, குடிக்கிற கிளாஸ் தனி. சளியில் கிருமி தெரியாத ஆளிடமிருந்து தொற்றுவது குறைவு என்று டொக்டர் சொல்லிப் பார்த்தார். குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமோ என்று திரேசக்கா கேட்டார். 

"பேரனை யன்னலாலை காட்டுறாளவை" என்றார் சவிரி அண்ணை. "சுவரிலை மாட்டின படம் மாதிரி. ஞானஸ்நானத்தையும் தள்ளிப் போட்டிருக்கினம். அம்மப்பா இல்லாமல் என்னெண்டு குடுக்கிறது எண்டு மகள் அழுறாள். அம்மப்பாவோடை என்னெண்டு குடுக்கிறது எண்டு மனிசி ஏசுறா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண் சிரிக்கவில்லை. எனக்கு மனம் கேட்கவில்லை. டொக்டரிடம் அனுமதி வாங்கி, குரூஸின் கடைக்கு ஓடி, கமராவை வாங்கி வந்து, சவிரி அண்ணையின் தகடுகளைப் படம் எடுத்து அனுப்பினேன்.

"படம் மங்கல். திரும்ப எடுக்கவும்."

திரும்ப எடுத்தேன். இந்த முறை பதில் கொஞ்சம் நீளம்: "சிவப்பு இல்லை. அது உங்களுக்கே தெரியும். நீல உயிர்க்கலங்களைப் படம் எடுத்து அனுப்பவும்."

இத்தனை வருட உத்தியோகத்தில் முதல் தரமாக நீலத்தைப் பார்த்தேன். பெரிய பெரிய கலங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் பாணில் இருப்பதுபோல வெறும் ஓட்டைகள். படம் போன அன்று பின்னேரமே போன் வந்தது.

"மிஸ்டர் ஞானம், அந்த ஓட்டைகளில் எண்ணெய் இருந்திருக்க வேண்டும். உங்கள் ஸ்பிரிட் அதைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. மனிதர் என்ன எண்ணெய் குடிக்கிறார்?"

"எண்ணெய் குடிக்கிற ஊர் இல்லை டொக்டர் இது."

"கேட்டீர்களா?"

"இல்லை."

"கேளுங்கள்."

மறுநாள் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். சவிரி அண்ணை எண்ணெய்க் கொட்டில் வாசலில் எண்ணெய் நிரப்பிய பெரிய பரல்களுக்கு நடுவில் இருந்தார். திரேசக்கா அவருக்குச் சோறு கொண்டுவந்திருந்தார்.

"அண்ணை, நல்லெண்ணெயாலை வாய் கொப்பளிக்கிறனீங்களோ?"

"இல்லை."

"மூக்குக்குள்ளை எண்ணெய் விடுறனீங்களோ?"

"எனக்கென்ன விசரோ?"

"சுறா எண்ணெய் குடிக்கிறனீங்களோ?"

"சின்ன வயசிலை அம்மா வாயைப் பிளந்து ஊத்தினவ. அதோடை சரி."

"சமையலெண்ணெய் எப்பிடி?"

திரேசக்கா சோற்றுக் கோப்பையை நிலத்தில் வைத்தார். "ஏன் மாஸ்ரர், என்ரை சமையலோ இவருக்கு வருத்தம் குடுத்தது?" அதோடு என் விசாரணை முடிந்தது.

வெளிக்கிட்டு மோட்டார்சைக்கிளை உதைத்தேன். அது இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. பெற்றோல் கிடைக்காத காலத்தில் அதை மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கியிருந்தேன், இப்போது அதுவும் முடிந்துவிட்டது.

"உங்கடை வண்டியையும் ஒருக்கா கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ தம்பி" என்றார் சவிரி அண்ணை. "நில்லுங்கோ, கொஞ்சம் ஊத்தித் தாறன்."

ஒரு ரப்பர்க் குழாயைப் பரலுக்குள் விட்டார். மற்ற முனையை வாயில் வைத்தார். நெஞ்சு விரிந்தது. ஒரே இழுவை, எண்ணெய் வந்துவிட்டது. குழாயை ஒரு பிளாஸ்ரிக் கானுக்குள் விட்டுவிட்டுப் பக்கத்தில் துப்பினார், இருமினார், வாயைக் கட்டியிருந்த சாரத்தால் துடைத்துக்கொண்டார். "மற்றவங்கள் நாலு தரம் இழுப்பாங்கள். இந்த நெஞ்சுக்கு ஒண்டு போதும்."

"பெரிய உபகாரம் அண்ணை" என்று சொல்லி வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆம், வந்துவிட்டேன். எண்ணெயைத் தேடி வந்தவன், எண்ணெயை வாயால் இழுத்தவரிடமே எண்ணெய் வாங்கி, நன்றியும் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். கோயிலைத் தாண்டித் தார் ரோட்டில் ஏறும்போது மூக்கைச் சொறியக் கையைக் கொண்டுபோனேன். மண்ணெண்ணெய் மணம் குப்பென்று அடித்தது. நடுரோட்டில் பிரேக் போட்டேன்.

திரும்பிப் போனபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இதை ஒரு நாளைக்கு எத்தினை தரம் செய்யிறனீங்கள்?"

"எதை?"

"இந்த இழுவையை."

"வள்ளத்துக்கு ஒண்டு. முந்தியெண்டால் பரலோடை உருட்டிக்கொண்டு போவாங்கள். இப்ப கட்டுப்பாடுதானே, ஆளாளுக்கு அளந்துதான் குடுக்கலாம். கானுக்குக் கான் இழுக்க வேணும். பொடியள் எல்லாரும் என்னட்டைத்தான் நீட்டுவாங்கள்."

"வாய்க்குள்ளை எண்ணெய் போறதோ எண்டு கேட்டனான்தானே?"

"எங்கை கேட்டனீங்கள்? நீங்கள் குடிக்கிறனீங்களோ எண்டெல்லோ கேட்டனீங்கள். நான் துப்பிப்போடுவன் தம்பி."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அவர்மேல் அல்ல. ஊரே வாயால்தான் எண்ணெய் இழுத்தது, நானும் இழுத்திருக்கிறேன், அதை எண்ணெய் உள்ளே போவதாக ஒருவரும் நினைத்ததில்லை. கடலுக்குள் சங்கு எடுத்த நெஞ்சு அது. கடலைப் பூட்டி, எண்ணெயை அளந்து, அந்த நெஞ்சைக் கடைசியில் ஒரு பம்பாக்கி வைத்திருந்தது இந்தச் சண்டை. 

டொக்டர் பவானிக்குப் போனில் சொன்னபோது அவர் முதல் தரமாகத் தடுமாறினார்.

"மண்ணெண்ணெயையா? வாயாலா?"

"இங்கை எல்லாரும் அப்பிடித்தான் டொக்டர்."

"நீங்களுமா?"

லைன் சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

கொழுப்பை மட்டும் பிடிக்கிற செம்மஞ்சள் சாயம் ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் தூளாக, ஊருக்கு வந்த ஒரு கன்னியாஸ்திரியிடம் டொக்டர் பவானி கொடுத்தனுப்பினார். சாவடியில் அதைப் பிரித்துப் பார்த்ததில் சிஸ்ரரின் வெள்ளை உடுப்பில் பட்ட கறை கடைசிவரை போகவில்லை என்று கேள்வி. இந்த முறை சளியைச் சூடுகாட்டவும் கூடாது, ஸ்பிரிட்டில் கழுவவும் கூடாது, ஈரமாகவே பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அன்றைக்கென்று கரண்ட் இல்லை. யன்னலடியில் கழுதை நின்றது. அரை றாத்தல் பாணைக் காட்டி அதை மதிலுக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு ஓடிவந்து படம் எடுத்தேன். முன்பு வெறும் ஓட்டையாகத் தெரிந்த இடமெல்லாம் இப்போது செம்மஞ்சள் துளிகள். சவிரி அண்ணை துப்பியதாக நினைத்த எண்ணெய் முழுவதும் அங்கே இருந்தது.

பதில் வந்தது. "இந்தப் படம் போதும்." அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடமிருந்து ஒருவருக்கும் கிடைத்திருக்காது. கீழே விளக்கமாக எழுதியிருந்தார். கசமாக இருக்காது என்று நினைக்கிறார். எண்ணெய் சுவாசப்பைக்குள் போனதால் வந்த அழற்சி. ஆனால் படத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது. இழுப்பதை உடனே நிறுத்தட்டும், கச மருந்தைத் துவங்காமல் பொறுத்து இன்னொரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கட்டும். எங்கள் டொக்டர் வாசித்துவிட்டு, "பொறுப்பம்" என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

பழுதான வள்ள எஞ்சின் ஒன்றின் எண்ணெய்க் குழாயில் கையால் அமத்துகிற ரப்பர்க் குமிழ் இருந்தது. அதை வெட்டி எடுத்துக் கொட்டில் குழாயில் பூட்டினோம். இரண்டு அமத்து அமத்த எண்ணெய் வந்தது. சவிரி அண்ணை அதைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"இதுக்கு நெஞ்சு தேவையில்லையே தம்பி."

"தேவையில்லை அண்ணை."

"அப்ப எந்தக் குழந்தைப்பிள்ளையும் செய்யலாம்" என்றார். அவமானப்பட்ட மாதிரி இருந்தது அவருடைய முகம். ஆனாலும் அதற்குப் பிறகு குழாயில் வாய் வைக்கவில்லை. பழக்கத்தில் கை வாய்க்குப் போனால் கொட்டில் வாசலிலிருந்து திரேசக்கா போட்ட சத்தம் கடல்வரை கேட்டது.

அடுத்த எக்ஸ்ரேக்கு அவரோடு நானும் போனேன். காய்ச்சல் அதற்குள் விட்டிருந்தது. நிழல் சுருங்கி ஓரத்தில் கொஞ்சம்தான் நின்றது. டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கசம் இல்லை அண்ணை" என்றார். சவிரி அண்ணை அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"அப்ப தூக்கலாமோ?"

"தூக்கலாம்" என்றேன்.

அந்த ஞாயிறே ஞானஸ்நானம். குரூஸ்தான் படம் எடுத்தான். பூசை முடிந்து கோயில் வாசலில் திரேசக்கா பிள்ளையைக் கொண்டுவந்து நீட்டினார். சவிரி அண்ணை கையை நீட்டிவிட்டு, பாதியில் நிறுத்தி, கூட்டத்துக்குள் என்னைத் தேடினார். நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் வாங்கினார். அந்த நேரம் பார்த்து குரூஸ் கோயிலுக்குள் எதையோ எடுக்கப் போயிருந்தான், கமரா என் கையில் இருந்தது. அமத்தினேன். பி.வி.சி. குழாய் இல்லை, நேரம் வைத்து எட்டி நிற்கவும் முடியாது, கண்ணிலும் தண்ணீர். படத்தில் கிழவனும் பிள்ளையும் கலங்கிப்போய் விழுந்திருந்தார்கள்.

அடுத்த முறை தகட்டுப் படங்கள் அனுப்பும்போது அதையும் சேர்த்து அனுப்பினேன். சவிரி அண்ணையின் கலங்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார், ஆளைப் பார்த்ததில்லை. 'நீங்கள் சொன்ன எண்ணெய்க்காரர் இவர்தான் டொக்டர், கையில் இருப்பது பேரன்' என்று கீழே எழுதினேன்.

தகடுகளுக்கு வழக்கம்போலப் பதில் வந்தது. ஒன்று மங்கல், திரும்ப எடுக்க வேண்டும். மற்றது சரி. பேரன் படத்துக்குத் தனியாக ஒரு வரி இருந்தது.

"படம் மங்கல். திரும்ப எடுக்க வேண்டாம்."